ஃபோனில் பால் இல்லை, பாக்கெட்டில் பால் இருக்கிறது

கேள்வி: வணக்கம் மேடம். என் மகனுக்கு எட்டு வயது. கைக்குழந்தையிலிருந்தே பால் அலர்ஜி. ஒரு தடவை ஆஸ்பத்திரி வரை போய்விட்டு வந்ததிலிருந்து எந்தப் பாக்கெட்டையும் திருப்பிப் பார்க்காமல் நான் கூடையில் போடுவதில்லை. எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் இருப்பதால், க்யூஆர் கோடு வந்ததும் பெரிய நிம்மதி. ஸ்கேன் செய்து ஃபோனிலேயே படித்துக்கொள்கிறேன். போன வாரம் அவன் ஆசையாகக் கேட்ட க்ரீம் பிஸ்கட்டை ஸ்கேன் செய்தேன். ஃபோனில் வந்த பட்டியலில் பாலே இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று பாக்கெட்டைத் திருப்பினால் 'பால் திடப்பொருள்' என்று அச்சிட்டிருக்கிறது! பயந்துபோய் வைத்துவிட்டு வந்துவிட்டேன். இரண்டில் எதை நம்புவது? இன்னொரு ஆப்பில் பார்கோடைக் காட்டினால், அவன் வழக்கமாகச் சாப்பிடும் பிஸ்கட்டுக்கே சிவப்பு விழுகிறது. அதையும் நிறுத்த வேண்டுமா? நான் வேலைக்குப் போகும் நாட்களில் மாமனார்தான் கடைக்குப் போவார். அவரிடம் இருப்பது பட்டன் ஃபோன். அவர் என்ன செய்வார்?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: வைத்துவிட்டு வந்தீர்களே, அதுதான் சரி. அச்சும் ஃபோனும் முரண்பட்டால் எது 'இருக்கிறது' என்கிறதோ அதை நம்புங்கள். நாளைக்கே இது தலைகீழாக நடக்கலாம்: பாக்கெட்டில் பால் இருக்காது, ஃபோன் 'பால் உண்டு' என்று சொல்லும். அப்போதும் வைத்துவிட்டு வாருங்கள். அலர்ஜி விஷயத்தில் இரண்டு சாட்சிகளில் ஒருவர் 'ஆமாம்' என்றாலே வழக்கு முடிந்தது.

ஆனால் இது ஏன் நடக்கிறது என்று தெரிந்தால்தான் ஃபோனை எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்பது பிடிபடும். உணவு ஆலோசகராக வருவதற்கு முன் நான் ஒரு நிறுவனத்தில் லேபிள் தயாரிக்கும் பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு தின்பண்டத்தின் செய்முறையிலிருந்து பால் பவுடரை எடுத்தார்கள். இணையப் பக்கத்தை ஒரே மதியத்தில் மாற்றிவிட்டோம், அரை மணி நேர வேலை. ஆனால் பழைய செய்முறையில் செய்த சரக்கு கிடங்கிலும் கடைகளிலும் மாதக்கணக்கில் இருந்தது. ஒரு நாள் ஒரு அம்மா ஃபோன் செய்து, உங்கள் கேள்வியையே கேட்டார்: "பாக்கெட்ல பால்னு போட்டிருக்கு, கோடுல இல்லைன்னு வருதே?" எங்கள் இணையப் பக்கமும் சரி, அவர் கையிலிருந்த பாக்கெட்டும் சரி. இரண்டும் வேறு வேறு நாளைப் பற்றிப் பேசின, அவ்வளவுதான். அந்த அம்மா பாக்கெட்டைப் படித்தார், தப்பித்தார். படிக்காதவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்கு எங்கள் பிரிவில் யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அடுத்த முறை கடையில் ஒரு சின்னக் காரியம் செய்து பாருங்கள். பாக்கெட்டில் பேட்ச் எண்ணும் தேதியும் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். பெரும்பாலும் புள்ளி புள்ளியாக, கொஞ்சம் கோணலாக, உறையின் படத்துக்குச் சம்பந்தமில்லாத மாதிரி இருக்கும். பொருளை அடைக்கும்போது ஓடும் உறைமேல் மை தெளித்து அடிப்பது அது. அப்படியே க்யூஆர் கோடைப் பாருங்கள். படத்தோடு படமாக, பளிச்சென்று, நேராக இருக்கும். அது உறைச் சுருளோடு சேர்த்து முன்கூட்டியே அச்சானது. அந்தச் சுருளில் வரும் அத்தனை பாக்கெட்டுக்கும் அதே கோடுதான். அதாவது, உங்கள் கையில் இருக்கும் பாக்கெட் எந்த பேட்ச், என்று செய்தது என்பது அந்தக் கோடுக்குத் தெரியவே தெரியாது. அது திறந்து காட்டுவது அந்தப் பிஸ்கட்டின் பொதுவான பக்கத்தை. அந்தப் பக்கத்தில் இன்றைக்கு என்ன எழுதி வைத்திருக்கிறார்களோ அதைத்தான் நீங்கள் படிக்கிறீர்கள்.

வேடிக்கை என்னவென்றால், க்யூஆர் கோடு பிறந்ததே பொருட்களைப் பின்தொடரத்தான். 1994-ல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனம் கார் உதிரி பாகங்களுக்காக உருவாக்கியது. பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் கோடுக்குள்ளேயே அடங்கும் முறை இப்போது உணவுக்கும் வந்துகொண்டிருக்கிறது. பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு, 2027 இறுதிக்குள் உலகம் முழுக்கக் கடைகளின் பில் கவுன்ட்டர்கள் இந்த வகைக் கோடுகளைப் படிக்கத் தயாராக வேண்டும் என்று இலக்கு வைத்திருக்கிறது. அப்படி ஒவ்வொரு பேட்ச்சுக்கும் தனிக் கோடு பரவலாக வந்தால், காலாவதியான பாக்கெட்டுக்குப் பில் போடாமல் இயந்திரமே மறுக்கலாம். நீங்கள் ஸ்கேன் செய்யும் பக்கமும் உங்கள் பேட்ச்சைப் பற்றியே பேசலாம். அது வரைக்கும் கோணல் புள்ளி எழுத்தைத் தாங்கிய பாக்கெட்தான் உங்கள் ஆவணம்.

சட்டம் எழுதுபவர்களும் ஏறக்குறைய இப்படித்தான் யோசித்திருக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8 முதல் ஒயின் பாட்டிலுக்கு மூலப்பொருள் பட்டியலையும் முழு ஊட்டச்சத்து விவரத்தையும் க்யூஆர் கோடுக்குப் பின்னால் வைக்க அனுமதி உண்டு. ஆனால் ஆற்றல் அளவும் அலர்ஜி உண்டாக்கும் பொருட்களும் பாட்டில்மேலேயே அச்சில் இருந்தாக வேண்டும். இந்தியாவில் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2023-ல் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காகப் பாக்கெட்டில் க்யூஆர் கோடு வைக்கச் சொன்னபோதும், லேபிளில் அச்சிட வேண்டியவற்றுக்கு அது மாற்றாகாது என்று சேர்த்தே சொன்னது. மற்றது எதுவானாலும் ஃபோனுக்குள் போகலாம், அலர்ஜி மட்டும் தாளை விட்டுப் போகக் கூடாது என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை.

எறும்பு எழுத்துத் தொல்லைக்கு ஸ்கேன் தேவையே இல்லை. பாக்கெட்டின் பின்பக்கத்தை ஃபோட்டோ எடுங்கள், இரண்டு விரலால் பெரிதாக்கிப் படியுங்கள். பளபளப்பான உறையில் வெளிச்சம் அடித்தால் கொஞ்சம் சாய்த்துப் பிடித்து எடுங்கள். சுருங்கியிருந்தால் இழுத்து நீவிவிட்டு எடுங்கள். ஃபோன் அங்கே பூதக்கண்ணாடி. நீங்கள் படிப்பது பாக்கெட்டைத்தான்.

இப்போது பார்கோடு ஆப்புக்கு வருகிறேன். க்யூஆர் கோடும் பார்கோடும் ஒன்றல்ல. கோடு கோடாக இருக்கிறதே, அதில் பெரும்பாலும் 13 இலக்க எண் ஒன்றுதான் இருக்கிறது, வேறு எந்தத் தகவலும் கிடையாது. ஆப் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய்த் தன் சேமிப்பில் தேடுகிறது. அந்தச் சேமிப்பை யார் நிரப்பினார்கள் என்பதுதான் கேள்வி. சிலவற்றில் நிறுவனமே நிரப்பும். 2012-ல் பிரான்சில் தொடங்கிய ஓப்பன் ஃபுட் ஃபேக்ட்ஸ் மாதிரியானவற்றை உலகெங்கும் தன்னார்வலர்கள் பாக்கெட்டை ஃபோட்டோ எடுத்து நிரப்புகிறார்கள். அரிய வேலை, எனக்கு அவர்கள்மேல் மரியாதை உண்டு. ஆனால் அந்த ஃபோட்டோ மூன்று வருடத்துக்கு முந்தைய உறையாக இருக்கலாம். செய்முறையில் செய்யும் ஒவ்வொரு சின்ன மாற்றத்துக்கும் பார்கோடு எண் மாறிவிடுவதில்லை. ஆப் காட்டும் பக்கத்தில் 'கடைசியாகத் திருத்திய தேதி' இருக்கும். முதலில் அதைப் பாருங்கள். இன்னொன்று, ஒரே பெயரில் ஒரே உறையில் விற்கும் பண்டம் நாட்டுக்கு நாடு வேறு செய்முறையில் இருக்கும். திறந்த பக்கம் வேறு நாட்டினுடையது என்றால் அங்கே அலர்ஜிப் பட்டியலே வேறு: அமெரிக்காவில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவை 9, ஐரோப்பிய ஒன்றியத்தில் 14. பால் இரண்டிலும் உண்டு என்பது உங்களுக்கு ஆறுதல். கடுகு ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அந்த ஆறுதல் இல்லை, அது ஐரோப்பியப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறது.

சிவப்பைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்தச் சிவப்பு உங்கள் மகனைப் பற்றியதே இல்லை. யூகா என்ற பிரபலமான ஆப் 100-க்கு மதிப்பெண் போடுகிறது. அதில் 60 பங்கு ஊட்டச்சத்துக்கு, 30 பங்கு சேர்க்கைப் பொருட்களுக்கு, 10 பங்கு இயற்கை வேளாண் சான்றுக்கு. பால் கலக்காத பிஸ்கட் சர்க்கரையினால் சிவப்பாகலாம். பாலில் செய்த தயிரோ பச்சையில் ஜொலிக்கலாம். உங்கள் வீட்டில் அந்தப் பச்சைதான் ஆபத்து.

சிவப்பை அப்படியே தள்ளிவிடவும் சொல்லவில்லை. இந்த மாதிரி மதிப்பீடுகள் 100 கிராமைக் கணக்கில் வைத்துச் சொல்பவை. 100 கிராமில் 24 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொள்ளுங்கள். பையன் சாப்பிடுவது இரண்டு பிஸ்கட், 20 கிராம் என்றால் உள்ளே போவது 5 கிராமுக்கும் கீழே, தோராயமாக ஒரு டீஸ்பூன். சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை ஒரு நாளின் மொத்தக் கலோரியில் 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2015 பரிந்துரை. அதோடு ஒப்பிட்டால் இரண்டு பிஸ்கட் பெரிய குற்றமில்லை. ஒரே உட்காரலில் பாக்கெட்டே காலியாகிறது என்றால் ஆப் சொல்வது சரி, நிறுத்துங்கள்.

நான் நிஜமாகவே கவலைப்படுவது வேறொன்றை. டிஜிட்டல் லேபிளிலும் ஆப்பிலும் வடிகட்டி வசதி இருக்கும்: 'குளூட்டன் இல்லாதது', 'லாக்டோஸ் இல்லாதது' என்று தட்டினால் பட்டியல் சுருங்கும். என்னிடம் வந்த ஒரு தாய் 'லாக்டோஸ் இல்லாதது' என்பதைத் தட்டி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சாமான் வாங்கியிருந்தார். குழந்தைக்கு இருந்ததோ உங்கள் மகனுக்கு இருக்கிற அதே பால் அலர்ஜி. லாக்டோஸ் என்பது பாலில் உள்ள சர்க்கரை. அது செரிக்காதவர்களுக்கு வயிறு உப்பும், பேதியாகும். அலர்ஜியோ பாலின் புரதத்தால் வருவது. லாக்டோஸை நீக்கிய பாலில் புரதம் அப்படியே முழுசாக இருக்கிறது. ஃபோன் அந்தத் தாயிடம் பொய் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்விக்குச் சரியாகவே பதில் சொன்னது. கேள்விதான் வேறு வியாதிக்கானது. உங்கள் ஆப்பில் அப்படி ஏதாவது தட்டி வைத்திருக்கிறீர்களா என்று இதைப் படித்து முடித்ததும் பாருங்கள். 'நான் டெய்ரி' (Non-dairy, அதாவது 'பால் பொருள் அல்லாதது') என்ற சொல்லும் இந்த ஜாதிதான். அப்படிப் போட்ட க்ரீமர் பவுடர்களில் பால் புரதமான கேசினேட் இருப்பது வழக்கம்.

பாக்கெட்டைப் படிக்கும்போது பால் என்ற சொல்லையே தேடினால் போதாது. வே பவுடர், கேசின், கேசினேட், லாக்டால்புமின், பட்டர், சீஸ், பால் திடப்பொருள் எல்லாம் பால்தான். லாக்டோஸ் என்று மூலப்பொருளில் இருந்தாலும் தவிருங்கள். பாலிலிருந்து எடுப்பது, புரதம் ஒட்டிக்கொண்டு வரலாம். மாறாக, கோகோ பட்டரில் பெயரில்தான் பட்டர், அது கோகோ விதையின் கொழுப்பு. லாக்டிக் அமிலம் என்ற பெயரைப் பார்த்து நிறையப் பேர் பதறுகிறார்கள். அது பெரும்பாலும் தாவரச் சர்க்கரையை நொதிக்க வைத்து எடுப்பது. சந்தேகமாக இருந்தால் நிறுவனத்தைக் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நிறுவனத்தைக் கேட்பதற்குத்தான் டிஜிட்டல் லேபிள் உண்மையில் உதவும். அச்சில் இடம் கொஞ்சம், அதில் பதில் கிடைக்காத கேள்விகள் பல. சேர்க்கைப் பொருளான லெசித்தின் சோயாவிலிருந்து வந்ததா, சூரியகாந்தியிலிருந்தா? 'இயற்கைச் சுவையூட்டி' என்றால் எது? முக்கியமாக, இந்தப் பிஸ்கட் ஓடும் இயந்திரத்திலேயே பால் பிஸ்கட்டும் ஓடுகிறதா? 'பால் கலந்திருக்க வாய்ப்பு உண்டு' என்ற வரியைப் போடுவது பல நாடுகளில் நிறுவனத்தின் விருப்பம், கட்டாயம் இல்லை. அந்த வரி இல்லை என்பதால் இயந்திரம் தனி என்று ஆகிவிடாது. நல்ல பக்கங்களில் இதற்கெல்லாம் தனித்தனித் தலைப்பு இருக்கும். அமெரிக்காவில் 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட்லேபிள் திட்டத்தில் ஊட்டச்சத்து, மூலப்பொருள், அலர்ஜி என்று எல்லா நிறுவனத்துக்கும் ஒரே அமைப்பு. அப்படி இல்லாத பக்கத்தில்கூடத் தொடர்பு எண்ணோ மின்னஞ்சலோ இருக்கும். வீட்டில் ஓய்வாக உட்கார்ந்து, பேட்ச் எண்ணைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். கடையில் ஒரு கையில் கூடை, ஒரு கையில் பையன் என்று நின்றுகொண்டு செய்யும் வேலை அல்ல இது.

சில கோடுகளைத் திறந்தால் போட்டி, பரிசு, பாட்டு என்று வரும். உங்கள் ஃபோன் நம்பரைக் கேட்கும். மூலப்பொருளைத் தெரிந்துகொள்ள யாருக்கும் நம்பர் கொடுக்க வேண்டியதில்லை, மூடிவிடுங்கள். நான் சொன்ன ஐரோப்பிய ஒயின் விதியில் இது அழகாக இருக்கிறது: அந்தப் பக்கத்தில் விளம்பரமும் கூடாது, பார்ப்பவரின் விவரத்தைச் சேகரிக்கவும் கூடாது. கோடுமேல் தனியாக ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஸ்கேன் செய்யவே வேண்டாம், யாரோ ஏமாற்ற ஒட்டியதாக இருக்கலாம்.

மாமனார் விஷயம். பட்டன் ஃபோன் வைத்திருப்பவர் கையாலாகாதவர் என்று லேபிள் போடுகிறவர்கள் நினைத்துவிடக் கூடாது என்பதற்கு ஒரு வழக்கே நடந்திருக்கிறது. மரபணு மாற்றிய பொருட்களை லேபிளில் சொல்ல வேண்டும் என்று அமெரிக்காவில் 2016-ல் சட்டம் வந்தது. அதை ஃபோன் ஸ்கேன் வழியாகவும் சொல்லலாம் என்றது. பலரால் ஸ்கேன் செய்து தகவலை எட்ட முடியவில்லை என்பது அரசு வைத்த ஆய்விலேயே தெரிந்தது. தெரிந்த பிறகும் அவர்களுக்கு ஏற்ற மாற்று வழியைச் சேர்க்காதது தவறு என்று 2022-ல் கலிபோர்னியாவில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, உங்கள் மாமனார் தனி ஆள் இல்லை.

அவருக்கு என் யோசனை சாதாரணமானது. பையன் சாப்பிடலாம் என்று நீங்கள் உறுதி செய்துகொண்ட ஐந்தாறு பண்டங்களின் காலி உறைகளை, பின்பக்கப் பட்டியலோடு வெட்டி, ஒரு கவரில் போட்டுக் கொடுங்கள். கடையில் புது பாக்கெட்டையும் அந்தத் துண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மாமா ஒப்பிடட்டும். ஒரு சொல் மாறியிருந்தாலும், 'புதிய சுவை' என்று முன்பக்கத்தில் போட்டிருந்தாலும் வாங்க வேண்டாம், உங்களுக்கு ஃபோன் செய்யட்டும். கண்ணாடியை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை உறைத் துண்டுகளை நீங்கள் புதுப்பித்துவிடுங்கள். ஸ்கேனைவிட இது மெதுவான வழிதான். ஆனால் அச்சை அச்சோடு ஒப்பிடுகிறார், அதனால் உங்கள் வழியைவிடப் பத்திரமானது என்றுகூடச் சொல்வேன்.

டாக்டரிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது. பால் அலர்ஜி பல குழந்தைகளுக்கு வளர வளரப் போய்விடுகிறது. மகனுக்குக் கடைசியாக எப்போது பரிசோதனை செய்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எட்டு வயதாகிவிட்டதால் மறுபரிசோதனை பற்றிப் பேசிப் பாருங்கள். வீட்டிலேயே கொஞ்சம் கொடுத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. டாக்டர் அவசர மருந்து எழுதிக் கொடுத்திருந்தால் அது காலாவதியாகவில்லையே என்று பார்த்து வையுங்கள்.

அந்த க்ரீம் பிஸ்கட் கம்பெனிக்கும் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். ஃபோன் திரையின் படம் ஒன்று, பேட்ச் எண் தெரியும்படி பாக்கெட்டின் படம் ஒன்று, 'இரண்டும் முரண்படுகின்றன, எது இந்த பேட்ச்சுக்கு உரியது' என்று ஒரு வரி. படம் எடுக்காமல் வந்திருந்தால், அடுத்த முறை அந்தக் கடைக்குப் போகும்போது எடுத்துக்கொள்ளலாம். எங்கள் பிரிவுக்கு இப்படி வந்த கடிதங்களைப் படித்துத்தான் பக்கத்தில் 'இந்தத் தேதிக்குப் பின் தயாரித்தவற்றுக்கு மட்டும்' என்ற வரியைச் சேர்த்தோம். பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள். பால் புதிதாக உள்ளே வந்ததா, வெளியே போனதா என்று தெரிந்துகொள்ள வேண்டும்.